அஞ்சாவது எலுமிச்சம்பழம்

முன்னாலயே ஏறிக்க கண்ணு. பின்னால எடமில்ல, எங்க வூட்டுக்காரரு காலை நீட்டிப் படுத்திருக்கறாரு. கதவை மெல்லச் சாத்து, முழிச்சுக்குவாரு. பெல்ட்டை மாட்டிக்க. நான் பயந்துக்கிட்டுச் சொல்லல, போலீஸ்காரனுக்காகச் சொல்றேன். மூணு மணி பஸ்ஸை வுட்டுட்டா இனி அஞ்சரைக்குத்தான் வரும், எனக்குத் தெரியாதா. அந்த ரூட்டுல இவரு பதினோரு வருஷம் கண்டக்டரா இருந்தவரு. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷந்தான் ஆச்சு.

முன்னால வெச்சிருக்கற அந்தப் பழத்தைத் தொட்றாத கண்ணு. ஆமா, எலுமிச்சம்பழந்தான். காஞ்சு கருத்துப் போச்சு, ஆனா வீசிறக் கூடாது. அதுக்கொரு கதை இருக்குது.

என்ற பேரு துளசிமணி. ஊத்துக்குளிக்கு இந்தப் பக்கந்தான் தோட்டத்து வூடு, எருமை நாலு. வயசு அம்பத்திரண்டு. காலையில பெருந்துறையில ஒரு கல்யாணம். போறப்பவும் நாந்தான் ஓட்டுனேன், வாரப்பவும் நாந்தான் ஓட்டறேன். மண்டபத்துல எறங்குனதும் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து பாத்தாங்க. பொண்ணு மாப்பிள்ளைக்கே அவ்வளவு கூட்டமில்ல. நான் சாவியை வெரல்ல மாட்டிச் சுத்திக்கிட்டே பந்திக்குப் போனேன். சுத்தக் கூடாதுதான், ஆனா கை நிக்கோணுமே.

அட, கேட்டைப் போட்டுட்டான் பாரு. ஈரோட்டு ரயிலு வருது போல. சரி, நிப்போம். நம்ம வண்டி ஏத்தத்துல நிக்குது பாத்தயா? பின்னால லாரிக்காரன் மூக்கை ஒட்டி நிறுத்தியிருக்கறான் பாத்தயா? போன வருஷமா இருந்தா, சாவியை லாரிக்காரன்கிட்டக் குடுத்துப்போட்டு நான் தண்டவாளத்து மேல நடந்தே வூட்டுக்குப் போயிருப்பேன். இப்ப உன்கூடக் கதை பேசிக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

ஆனா ஒண்ணு கண்ணு. ஊரே என்னைய நம்புது. இந்த மனுசனுக்கு மட்டும் என்ற மேல நம்பிக்கையே கெடையாது. சொல்றேன் கேளு, ரயிலு போறதுக்குள்ள நீயே நியாயம் சொல்லு.

இந்தக் காரு எப்படி வந்துச்சுங்கறே? தோட்டுத் திருகாணி தொலைஞ்சு போச்சு. அட்சய திருதியை அன்னைக்கு நகைக் கடையில ஒரே கூட்டம். எல்லாரும் ஆரம், நெக்லஸுன்னு அள்ளறாங்க, நான் ஒத்தைத் திருகாணி வாங்கினேன். குலுக்கல் சீட்டு குடுக்கறாங்களே, எனக்கும் குடுன்னேன். திருகாணிக்கெல்லாம் இல்லீங்கம்மான்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. திருகாணி இல்லைன்னா தோடு நிக்குமாடின்னேன். சிரிச்சுப்போட்டு ஒரு சீட்டைக் குடுத்துருச்சு. ஒரு மாசங்கழிச்சு போன் வருது, மொதப் பரிசு காருங்கறான். நான் எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். ராங் நம்பருன்னு சொல்லி வெச்சுட்டேன். மூணு தடவை வெச்சுட்டேன்.

வூட்டுல ஆருக்கும் ஓட்டத் தெரியாது. இவரு முப்பது வருஷம் பஸ்ஸுலயே பொழைச்சவரு, ஆனா ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. அது டிரைவர் வேலைம்பாரு. அப்பத்தான் என்ற கொழுந்தனாரு வந்தாரு, ஈஸ்வரமூர்த்தி. மருந்துக் கடை வெச்சிருக்கறாரு, பதினஞ்சு வருஷமா கார் ஓட்டறவரு. அண்ணி, கியர் வண்டியெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க, எங்கிட்ட வுடுங்க, உங்களுக்கு எப்ப வேணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்னாரு. தேனொழுகப் பேசுவாரு. எப்ப வேணும்னாலும்னா என்ன கண்ணு அர்த்தம்? அவரு கடை சாத்துன பொறவு, அவரு சாப்புட்டுத் தூங்கி எந்திரிச்ச பொறவு.

கண்டக்டர் பொண்டாட்டின்னு எனக்குப் பேரு. இவரு பஸ்ஸுல நான் போனது மொத்தம் ஆறு தடவை. எனக்கு வேணுங்கறப்ப இவரு பஸ்ஸு வேற ஊருல இருக்கும். முப்பத்தோரு வருஷமா நான் பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கறேன். எங்கம்மா கடைசியா மூச்சிழுத்தப்பவும் நான் பஸ் ஸ்டாப்புலதான் நின்னேன். எனக்கு ஆசை ஒண்ணே ஒண்ணுதான். எனக்கு எப்பப் போகோணுமோ அப்பக் கெளம்போணும். அவ்வளவுதான். அதனால நானே ஓட்டறேன்னுட்டேன். கொழுந்தனாரு சிரிச்சாரு. இவரு சிரிக்கல. எருமைக்குப் புல்லு போடப் போயிட்டாரு.

ஆடி மாசம் வண்டியை எடுக்கப்படாதுன்னு போர்வை போத்தி நிறுத்திப்போட்டு, டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். பெரோஸ் மாஸ்டருன்னு ஒருத்தரு. அடடா, என்னமா ஓட்டுனேங்கறே. சந்தை நாளுல கடைவீதிக்குள்ள பூந்து வந்தேன். ஒரு தடவை கூட வண்டி நிக்கல. லைசென்ஸும் வந்துருச்சு. அந்த வண்டியில மாஸ்டர் காலுக்குக் கீழயும் ஒரு கிளச்சு, ஒரு பிரேக்கு இருக்குதுன்னு எனக்கு அப்பறந்தான் தெரியும். ஓட்டுனது பூராவும் அவரு காலு. நான் ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கறேன்.

ஆவணி பொறந்ததும் வண்டிக்குப் பூஜை. எங்க ஊருக் கரட்டு மேல முருகன் கோவில் இருக்குது, சின்னக் குன்னுதான், ஆனா கோவில் வாசல் நல்ல ஏத்தம். ஒரம்பரை, சொந்தபந்தம் அத்தனையும் வந்துருச்சு. பூசாரி மாலையைப் போட்டு, பொட்டு வெச்சு, நாலு சக்கரத்துக்கும் முன்னால நாலு எலுமிச்சம்பழத்தை வெச்சாரு. ஏத்துங்கம்மான்னாரு. நான் கிளச்சை வுட்டேன். வண்டி ஒரு குதி குதிச்சு நின்னுருச்சு. மறுக்காப் போட்டேன், மறுக்கா நின்னுச்சு. மூணாவது தடவை முன்னால போறதுக்குப் பதிலா பின்னால போக ஆரம்பிச்சுருச்சு. ஐயோ பிரேக்கு எதுன்னே மறந்து போச்சு கண்ணு. பின்னால பூக்கடைக்காரம்மா கூடையைத் தூக்கிட்டு ஓடறா. பூக்கடைப் பலகையில முட்டி வண்டி நின்னுச்சு. எலுமிச்சம்பழம் நாலும் வெச்ச எடத்துலயே உக்காந்திருக்குது, ஒரு கீறல் இல்ல. பூசாரியே வாயில துண்டை வெச்சுக்கிட்டாரு.

கொழுந்தனாரு வந்து கதவைத் தொறந்தாரு. எறங்குங்க அண்ணின்னாரு. எறங்கினேன். அவரு உக்காந்து ஒரே ஏத்து, நாலு பழமும் சட்டுன்னு நசுங்கிப் போச்சு. எல்லாரும் கையைத் தட்டறாங்க. இந்த வண்டிக்கு என்ற கை ராசி, பழம் நசுக்குன கைதான் ஓட்டோணும், அண்ணி ஓட்டுனா ஆராச்சும் உசுரு போயிரும்னாரு. ரெண்டு சாவியில ஒண்ணைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. இவரு பேசுவாருன்னு பாத்தேன். பேசுனாரு. என்ன பேசுனாருங்கறே? ஆயுத பூஜைக்கு இதே எடத்துல இவ ஏத்தட்டும், ஏத்தலைன்னா வண்டியை நீயே வெச்சுக்கன்னாரு. ஒரம்பரை முன்னால என்னைய ஏலம் போடாத கொறை. ஒன்றரை மாசந்தான் கெடுவு. அன்னைக்கு நான் சோறு உண்ணல.

கரட்டுலருந்து கொழுந்தனாருதான் ஓட்டிட்டு வந்தாரு. நான் பின்னால உக்காந்து மூக்கைச் சிந்தறேன், இவரு பக்கத்துல நட்டக் குத்தலா உக்காந்து தம்பி முதுகையே பாத்துக்கிட்டு வந்தாரு. இவரு எப்பவுமே அப்பிடித்தான். ஆரு வண்டி ஓட்டுனாலும் கண்ணை மூட மாட்டாரு. ஒருக்கா மதுரைக்கு வேன்ல போனோம், பத்தொம்பது பேரும் கொறட்டை வுடறாங்க, இவரு மட்டும் முழிச்சுக்கிட்டு, வளைவு வந்தாக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வாராரு. கண்டக்டர் தூங்கப்படாதும்பாரு. நீங்க இங்க கண்டக்டர் இல்லீங்கன்னு சொன்னாலும் காதுல ஏறாது.

சரி, மறுநாள் காலையில இவரு கையில ஒரு பை. என்னங்கன்னு பாத்தா எலுமிச்சம்பழம். வண்டியை எடுன்னாரு. எங்க தோட்டத்துக்கு மேல வாய்க்கா மேடு இருக்குது, கரட்டை விடச் செங்குத்து. அதுல நடு ஏத்தத்துல நிறுத்தச் சொன்னாரு. நிறுத்துனேன். பின்னால போயி, பின் சக்கரத்துக்குப் பின்னால ஒரு பழத்தை வெச்சாரு. பழைய விசிலை வாயில வெச்சுக்கிட்டாரு. ஒரு விசிலுன்னா நில்லு, ரெண்டு விசிலுன்னா போ, பழம் நசுங்கப்படாதுன்னாரு. வேற ஒரு வார்த்தை கெடையாது. பெரோஸ் மாஸ்டராச்சும் சபாசும்மான்னு சொல்லுவாரு.

மொத நாளு பதினாலு பழம் நசுங்குச்சு. ரெண்டாம் நாளு பதினாறு. அந்த வாய்க்கா மேட்டுல எறும்பு கூட ஏப்பம் வுட்டுருக்கும், அத்தனை சாறு. பிரேக்குலருந்து காலை எடுக்கறேனோ இல்லையோ, வண்டி பின்னால நழுவும், பச்சுன்னு சத்தம் கேக்கும், ஒரு விசில் ஊதுவாரு. மறுக்கா எறங்கி, மறுக்கா வெச்சு. நான் அழுதுக்கிட்டே ஓட்டியிருக்கறேன் கண்ணு. நெசமாத்தான். என்னால ஆகாது, வண்டியை அவருக்கே குடுத்துருங்கன்னு ஒரு நாள் ஸ்டியரிங்குல தலையை வெச்சுக்கிட்டேன். இவரு கண்ணாடிக்குப் பக்கத்துல வந்து நின்னாரு. ஆறுதலா ஏதோ சொல்லப் போறாருன்னு நிமிந்தேன். பையில இன்னும் ஆறு பழம் இருக்குதுன்னாரு.

எட்டாம் நாளோ ஒம்பதாம் நாளோ, கிளச்சை மெல்ல வுட்டுக்கிட்டே வாரேன், ஒரு எடத்துல வண்டி மூக்கைத் தூக்கிச்சு. சன்னமா ஒரு நடுக்கம், எருமை எந்திரிக்கறதுக்கு முந்தி முதுகைச் சிலுப்புமே, அந்த மாதிரி. காலை அப்பிடியே புடிச்சுக்கிட்டு பிரேக்கை வுட்டேன். வண்டி நிக்குது. முன்னாலயும் போகல, பின்னாலயும் போகல. ரெண்டு விசில் கேட்டுச்சு. ஆக்சிலேட்டரை அமுத்துனேன், போயிருச்சு கண்ணு. பழம் முழுசா அங்கயே கெடக்குது. நான் வண்டியை மேட்டுல நிறுத்திப்போட்டு எறங்கி, அந்தப் பழத்தை எடுத்து முத்தங் குடுத்தேன். சிரிக்காத, நெசமாக் குடுத்தேன்.

அதுக்குப் பொறவு பழம் நசுங்கறதே இல்ல. நசுங்காத பழத்தை என்ன பண்ணறது? காலையில எலுமிச்சை சாதம், மத்தியானம் ஜூஸு, நாலு ஜாடி ஊறுகாய். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க எங்களைப் பாத்தாலே வேண்டாமுங்கன்னு கையெடுத்துக் கும்புட ஆரம்பிச்சுட்டாங்க.

இங்கதான் நான் சொன்ன சங்கதி வருது. நம்பிக்கை இருக்கற மனுசன் என்ன பண்ணுவான்? பழத்தை வெச்சுப்போட்டு தள்ளி நின்னு பாப்பான். இவரு தள்ளி நிக்கவே மாட்டாரு. சக்கரத்துக்குப் பின்னால குத்த வெச்சு உக்காந்துக்குவாரு. நான் கிளச்சுல வண்டியை நிறுத்திப் புடிச்சுக்கிட்டு இருக்கறேன், பிரேக்கும் இல்ல, ஹேண்ட்பிரேக்கும் இல்ல, இவரு பாட்டுக்கு டயருக்கடியில கையை வுட்டு பழத்தை இப்படி நகத்தி அப்படி நகத்தி, ஒரு வெரக்கடை எடங்கூட வுடாம ஒட்டி வெப்பாரு. கண்ணாடியில எனக்கு அந்தக் கை மட்டுந்தான் தெரியும். அவசரமே பட மாட்டாரு. நான் எங்க கோணலா எடுத்துருவனோன்னு அத்தனை சந்தேகம். எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தியைச் சோதிக்கறது சொல்லு?

ஆயுத பூஜை அன்னைக்குக் கரட்டுல கூட்டமான கூட்டம். டிராக்டரு, ஆட்டோ, பால் வண்டி, எல்லாத்துக்கும் சந்தனமும் வாழைக்கண்ணும். கொழுந்தனாரு வெள்ளை வேட்டி கட்டி, தயாராச் சாவியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறாரு. அவரு பையன் போட்டோ புடிக்க மரத்து மேலயே ஏறிட்டான். பூக்கடைக்காரம்மா என்ற வண்டியைப் பாத்ததும் பலகையோட எடம் மாறிட்டா.

பூசாரி நாலு பழம் வெச்சாரு. ஆரத்தித் தட்டை வண்டி மேலயே வெச்சுப்போட்டு எட்ட நின்னுக்கிட்டாரு. இந்த ஏத்தம் இல்லைன்னா இனி ஆயுசுக்கும் பஸ் ஸ்டாப்புதான், அதுதான் மண்டைக்குள்ள ஓடுது. கிளச்சுல வண்டியைப் புடிச்சுட்டேன், பிரேக்கை வுட்டுட்டேன். விசில் வரும்னு காத்துக்கிட்டிருக்கறேன், வரல. கண்ணாடியில பாத்தா இவரு பின்னால குத்த வெச்சு உக்காந்திருக்கறாரு. மடியிலருந்து அஞ்சாவதா ஒரு பழத்தை எடுத்து, பின் சக்கரத்துக்கடியில கையை வுடறாரு.

கொழுந்தனாருக்கு மொகம் வெளுத்துப் போச்சு. அண்ணா, கையை எடுண்ணா, வண்டி நழுவுச்சுன்னா மணிக்கட்டு கூழாப் போயிரும்னு கத்தறாரு. இவரு நிமிந்து கூடப் பாக்கல. பழத்தை இப்படி நகத்தி, அப்படி நகத்தி. அப்பறம் என்ன சொன்னாருங்கறே? தள்ளி நில்லுடா, அவளுக்குக் கண்ணாடி மறைக்குதுன்னாரு.

பாத்தயா? அத்தனை பேரு முன்னால, என்ற பொண்டாட்டி ஏத்திருவான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய் முத்து உதுந்துருமா? கண்ணாடி மறைக்குதாம்.

ரெண்டு விசில் கேட்டுச்சு. நாலு பழமும் நசுங்குன சத்தம் இன்னும் என்ற காதுல இருக்குது கண்ணு. வண்டி ஏறிருச்சு. ஏறுனது நிக்கவே இல்ல. எனக்கு வந்த சந்தோசத்துல நிறுத்தோணும்னே தோணல. பூசாரியோட ஆரத்தித் தட்டு வண்டி மேல இருக்குது, அவரு தட்டு தட்டுன்னு பின்னால ஓடியாறாரு, நான் கோவிலை ஒரு சுத்து சுத்தி, சாமிக்கு ஒரு ஆரன் அடிச்சுப்போட்டு, பழைய எடத்துக்கே வந்து நின்னேன். தட்டு கீழ வுழுகல. குங்குமந்தான் கொஞ்சம் சிந்துச்சு. இவரு அங்கயே நிக்கறாரு, கையில அந்த அஞ்சாவது பழம். தம்பிகிட்டக் காமிச்சாரு, ஒரு கீறல் இல்ல. கொழுந்தனாரு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்பறம் சாவியை எடுத்து அதே கையில வெச்சுப்போட்டுப் போயிட்டாரு. இவரு பழத்தைக் கொண்டாந்து இங்க முன்னால வெச்சாரு. சாவியை எங்கிட்டக் குடுத்தாரு. சபாசுன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம். டீசல் இருக்குதான்னு கேட்டாரு. இது பெட்ரோல் வண்டிங்கன்னேன்.

இந்தா, ரயிலு வந்துருச்சு. ஒண்ணு, ரெண்டு, அட சரக்கு ரயிலு இல்ல, சீக்கிரம் போயிரும். கேட்டைத் தூக்கறான் பாரு. ஏனுங்க. ஏனுங்க, விசிலு. தூங்கறாரே. இவரு விசில் ஊதாம நான் மேட்டுல எடுத்ததே இல்ல கண்ணு, எப்பவும் பின்னாலருந்து ஊதிருவாரு. எழுப்பவா? பாவம், வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்கறாரு. லாரிக்காரன் ஆரனை அமுத்தறான். அமுத்தட்டும், நீ திரும்பிப் பாக்காத. சித்த இரு. கிளச்சு. இந்தா, மூக்கைத் தூக்குது பாரு, தெரியுதா காலுல? பிரேக்கை வுட்டுட்டேன். நிக்குதா? நிக்குது. விசில் இல்ல, ஒண்ணும் இல்ல. போலாம்.

தாண்டிட்டோம். பாத்தயா, ஒரு வெரக்கடை பின்னால போச்சா? அந்தப் பழம் கூட உருளல. ஐயோ, எனக்குச் சிரிப்பா வருது கண்ணு. நானாவே எடுத்துட்டேன். இவரு பாக்கலையே. பாத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாரு, டயருல காத்து இருக்குதான்னு கேட்டிருப்பாரு.

இன்னமும் முழிக்கல பாரு. தண்டவாளத்து மேல ஏறி எறங்கியிருக்கறோம், அப்பிடியே கெடக்கறாரு. பெருந்துறையில ஏறிப் படுத்தவரு, வழி நெடுக இதே தூக்கம். மொதல்ல பாயாசம் அதிகமா உண்டுட்டாரோன்னு நெனச்சேன். முப்பத்தோரு வருஷத்துல ஆரு வண்டியிலயும் இவரு கண்ணசந்து நான் பாத்ததில்ல. சுகர்தான் ஏறியிருக்கோணும். நாளைக்குக் காலையில நானே ஓட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வாரேன். நீ என்ன கண்ணு, பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துச் சிரிக்கறே?